பிரெஞ்சுக்காரர்களே பேசாத வினையை நான் ஏன் படிக்கிறேன்?

பல்கலைக்கழக விடுமுறைக்கு தஞ்சோங் ரம்புத்தானுக்கு வந்திருந்தேன். வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து, "பார்லாஸ், பார்லாஸ், பார்லா, பார்லாஸியோன், பார்லாஸியே, பார்லாஸ்" என்று தனியாக முணுமுணுத்துக் கொண்டிருந்தேன். என் தம்பி எட்டிப் பார்த்து, "அக்கா, ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு" என்றான்.

1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை எங்கள் ஊரில் இருப்பதால் நாடு முழுக்க இந்தக் கேலியைக் கேட்கிறோம். எனக்கு அது பிடிப்பதில்லை. அங்கே வேலை செய்பவர்கள் எங்கள் அக்கம்பக்கத்தினர். ஆனாலும் அன்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் மனனம் செய்தது பிரெஞ்சு மொழியின் 'சுப்ஜோங்திஃப் ஆம்பார்ஃபே' என்ற வினை வடிவம். பிரெஞ்சுக்காரர்களே அதைப் பேச்சில் பயன்படுத்துவதில்லை.

அது என்ன வடிவம்? தமிழில் "அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்" என்கிறோம். நேற்றைய விருப்பமானால் "விரும்பினேன்" என்று மாற்றுகிறோம். 'வர வேண்டும்' அப்படியே நிற்கிறது. மலாயில் 'டாத்தாங்' என்ற சொல் எந்தக் காலத்திலும் மாறாது. பிரெஞ்சு இலக்கணமோ விருப்பம், ஐயம், அச்சம் போன்றவற்றுக்குப் பின்னால் வரும் வினைக்குத் தனி வடிவம் கேட்கிறது. முதன்மை வினை கடந்த காலத்துக்குப் போனால் அந்த வடிவமும் பின்னால் போக வேண்டும். 'வியென்' என்பது 'வேன்' ஆகிறது. பிந்தியதுதான் நான் சொல்லும் வடிவம்.

அமைக்கும் முறை பயந்த அளவுக்குக் கடினமில்லை. கதைகளில் மட்டும் வரும் எளிய கடந்தகால வடிவம் ஒன்று பிரெஞ்சில் உண்டு. அதில் 'நீ' என்பதற்குரிய சொல்லை எடுத்து, இறுதியில் 'ஸெ' சேர்த்தால் 'நான்' என்பதற்குரிய வடிவம் கிடைக்கும். 'பேசு' என்பதற்கு 'பார்லாஸ்'. எல்லா வினைகளும் ஆ, இ, இயூ, ஏன் என்ற நான்கு ஒலிகளில் ஒன்றில் அடங்கிவிடும். 'அவன்', 'அவள்' என்பதற்குரிய வடிவத்தில் மட்டும் 'ஸெ' கிடையாது. உயிரெழுத்தின் தலையில் ஒரு சிறு கூரையும், இறுதியில் உச்சரிக்கப்படாத 'த்' எழுத்தும் வரும். பழைய பிரெஞ்சில் அங்கே ஒரு 'ஸ்' இருந்தது. அது மறைந்துபோன இடத்தைத்தான் கூரை காட்டுகிறது.

இன்றைய பேச்சில் 'நேற்று விரும்பினேன்' என்றாலும் பின்னால் 'வியென்' என்றே சொல்லிவிடுகிறார்கள். 1976 டிசம்பர் 28-ஆம் தேதி பிரெஞ்சுக் கல்வி அமைச்சு வெளியிட்ட ஆணையும், தேர்வில் அப்படி எழுதினால் பிழையாகக் கொள்ள வேண்டாம் என்றது. எங்கள் விரிவுரையாளர் கூட, "பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. நிகழ்காலத்துக்கு கிறு, கின்று, ஆநின்று என மூன்று இடைநிலைகளை நன்னூல் சொல்கிறது. "சாப்பாடு உண்ணாநின்றேன்" என்று கேன்டீனில் யாராவது சொன்னால் என்ன ஆகும்? ஆனால் பழைய உரைகளைப் படிக்கும்போது அது தெரியாவிட்டால், எதிர்மறை என்று தவறாகப் புரிந்துகொள்வோம்.

அதே வகைத் தவறை நான் பிரெஞ்சில் செய்தேன். ஆன்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905-இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூரில் ரப்பர் தோட்டம் போட்டவர். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917-இல் தொடங்கியதும் அவர்தான். அதன் பெயர் 'தென்னமரம்'. தமிழ்ப் பெயர் என்று சொல்லவே வேண்டாம். அவர் எழுதிய 'மலேஸி' நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. தோட்ட வாழ்க்கைதான் களம். மலாய் பந்துன்கள் வருகின்றன, தமிழ்த் தொழிலாளர்களும் வருகிறார்கள். என் பாட்டி பேராக் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். நான் மூல மொழியிலேயே படிக்க நினைத்த முதல் பிரெஞ்சு நாவல் இதுதான்.

முதல் சில பக்கங்களில் கூரையைக் கவனிக்கவில்லை. 'அவ்வார்' எனும் துணைவினைக்கு, அதாவது 'கொண்டிருந்தார்' என்ற பொருளில் 'யூ' என்று ஒலிக்கும் வடிவத்துக்கு, இரண்டு எழுத்துமுறைகள் உண்டு. கூரை இல்லாமல் 'சொல்' வினையோடு சேர்ந்தால் 'சொல்லியிருந்தார்'. கூரை இருந்தால் 'சொல்லியிருப்பார்'. காதுக்கு இரண்டும் ஒன்றே. நடக்காத ஒன்றை நடந்ததாகவே என் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். 1990-இல் பிரெஞ்சு எழுத்துத் திருத்தம் வந்து பல சொற்களில் இ, யூ ஒலிகளின் மேலிருந்த கூரையை விருப்பத்துக்கு விட்டபோதும், இந்த வினை வடிவங்களில் எடுக்காமல் வைத்தார்கள். ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

பிரெஞ்சு படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: ஆறு வடிவங்களையும் மனனம் செய்து என்னைப் போல் கேலிக்கு ஆளாக வேண்டாம். புத்தகங்களில் பெரும்பாலும் வருவது 'அவன்', 'அவள்' வடிவம்தான். கூரையும் 'த்'தும் சேர்ந்து வந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். சில நிகழ்கால வினைகளுக்கும் அது உண்டு, பழகினால் குழப்பம் வராது.

இப்போது பென்சிலால் ஒவ்வொரு கூரையையும் வட்டமிட்டுக்கொண்டே படிக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு நான்கு பக்கம் நகர்ந்தால் பெரிது. நேற்றுப் பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்து புத்தகத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, அந்தத் தொர எங்களப் பத்தி என்னதான் எழுதியிருக்காரு?"

"இருங்க பாட்டி, இன்னும் முப்பதாவது பக்கத்துலதான் இருக்கேன்" என்றேன்.