கைக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

விளாங்குடியில் ஒரு ரேஷன் கடை. காலை பத்து மணிக்கே வரிசை வேப்பமர நிழலைத் தாண்டி வெயிலுக்கு வந்துவிட்டது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு அரிசிக்காக நின்றிருந்தாள் ஓர் அம்மாள். அவள் முறை வந்த சமயம் பார்த்து, கடைக்காரர் கையிலிருந்த யந்திரம் கண்ணை மூடிக்கொண்டது.

"சார்ஜ் போயிருச்சு அக்கா, கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுத்துக்கிறேன் தம்பி. என் வேலை பொறுக்குமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் இந்தக் கட்டுரை, சகோதரிகளே!

அந்தச் சிறு யந்திரம் உண்மையில் ஒரு கம்ப்யூட்டர். 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஸ்மார்ட் கார்டு வந்தபோது, ரேஷன் கடைக் கணக்கு நோட்டின் வேலை அதன் கைக்கு மாறியது. கார்டைப் படிக்கும், 2020 அக்டோபரிலிருந்து விரல் ரேகையும் பார்க்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் அச்சடிக்கிறாரே, அதுவும் இதற்கு உடன்பிறப்புதான்.

நம் வீட்டு செல்போனைப் போல் இவை சொகுசுப் பிள்ளைகள் அல்ல. தூசி, வியர்வை, கை நழுவல் எல்லாம் தாங்க வேண்டும். அதனால் ஓரங்களுக்கு ரப்பர் கவசம் போடுவார்கள். ஈரக் கைக்கும் இசையும்படி பெரிய பொத்தான் வைப்பார்கள். உழைப்புக்கென்றே செய்த கருவிகளின் விளக்கத் தாளில் 'ஐபி 65' என்று போட்டிருப்பதைக் காணலாம். 6 என்றால் தூசி உள்ளே புகாது. 5 என்றால் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். 67 என்றிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும்!

ஆனால் உடம்பு இரும்பானாலும், பிராணன் பாட்டரியில் அல்லவா இருக்கிறது? அது வெகு மென்மையானது. 1991ல் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்த லித்தியம் அயான் பாட்டரிதான் இவற்றிலும் நம் போனிலும் இருப்பது. அதன் முதல் எதிரி வெப்பம். பெரும்பாலான லித்தியம் பாட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மதுரைக் கோடையில் வெயிலே 40 டிகிரியைத் தொடும்போது, ஜன்னலோரத்திலும் மூடிய காருக்குள்ளும் அதைப் போட்டு வைக்கலாமா?

"சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பாட்டரிக்குச் சொன்ன வைத்தியம். லித்தியத்துக்குப் பட்டினியும் ஆகாது. எப்போதும் வயிறு முட்டவும் ஆகாது. 20 சதவிகிதத்துக்குக் கீழே இறங்குமுன் போட்டு, முடிந்தபோது 80க்கு அருகில் எடுத்துவிட்டால் நெடுநாள் உழைக்கும். நாள் முழுதும் வேலை இருந்தால் மட்டும் காலையில் முழுக்க நிரப்புங்கள், தவறில்லை. சூடாக இருந்தால் ஆறவிட்டுப் போடுங்கள். பல மாதம் உபயோகிக்காமல் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். கழற்றக் கூடிய பாட்டரியானால், அதன் முனைகளை அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சண்யமே வேண்டாம். பாட்டரி உப்பிவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள், தீப்பிடிக்கும். பழைய பாட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு, 2022ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, தயாரிப்பாளரையே சேர்ந்தது.

கடை திறக்குமுன் ஒரு பார்வை. மேஜையடியில் சார்ஜ் ஏற்றிய இன்னொரு பாட்டரி. இவ்வளவுதான் செலவு. விளாங்குடியில் அன்று நின்றுபோனது ஒரு யந்திரம் மட்டுமா? அந்த அம்மாளின் அரை நாள் கூலியோடு, மீதி அரை நாளும் அல்லவா?