பழைய கார்புரேட்டரைத் தூய்மை செய்தல்

டோபி காட் என்னும் பெயருக்குச் சலவைத்துறை என்று பொருள். இன்று ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் எனப்படும் நீரோடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர் துணி துவைத்ததால் அவ்விடம் இப்பெயர் பெற்றது. துணியில் படிந்த அழுக்கை நீக்குவது அவர்தம் தொழில். பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைச் சீர்செய்வதும் பெரும்பாலும் படிந்ததை நீக்கும் வேலையே. உடைந்து கெட்ட கார்புரேட்டர்களைவிட அடைத்துக்கொண்ட கார்புரேட்டர்களே மிகுதி.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தருவது இக்கருவியின் பணி. இதன் குழாய் நடுவில் குறுகியிருக்கும். குறுகிய இடத்தில் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அடியிலுள்ள கிண்ணத்தில் வளிமண்டல அழுத்தம் நிலவுவதால், அங்குள்ள பெட்ரோல் ஜெட் எனப்படும் நுண்துளைகள் வழியே மேலெழுந்து காற்றில் துளிகளாகச் சிதறுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கிண்ணத்தில் மிதவை ஒன்று உண்டு. பெட்ரோல் உரிய மட்டத்தை எட்டியதும் அது உயர்ந்து, ஊசி அடைப்பானால் வழியை மூடிவிடும்.

வண்டி பல வாரங்கள் ஓடாது நின்றால், கிண்ணத்திலுள்ள பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிவிடும். எஞ்சியது பிசின்போல் படியும். முதலில் அடைபடுவது மிகச் சிறிய துளையுடைய பைலட் ஜெட். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது பெட்ரோல் வரும் வழி இதுவே. எனவே, எஞ்சின் சூடேறிய பின்னும் சோக்கை இழுத்து வைத்தால் மட்டுமே ஓடுகிறதெனில், இந்த ஜெட்டை ஐயுறலாம். சோக் காற்றைக் குறைத்தோ பெட்ரோலைக் கூட்டியோ அக்குறையை மறைக்கிறது. மாறாக, வழிகுழாயில் பெட்ரோல் ஒழுகினால் மிதவையையும் ஊசி அடைப்பானையும் சோதிக்க வேண்டும்.

வேலையைக் காற்றோட்டமான திறந்த வெளியில், எஞ்சின் குளிர்ந்த பின்னர் செய்க. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தொலைவிலுள்ள தீப்பொறியையும் எட்டும். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, பெட்ரோல் வழியை மூடி, கிண்ணத்தை வடித்துவிட்டுக் கருவியைக் கழற்றுக. ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து வைத்துக்கொள்வது நன்று. கலவைத் திருகைக் கழற்றுமுன் அதை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அமர்கிறது என்று குறித்துக்கொள்க. பொருத்தும்போது அதே அளவுக்குத் திறக்க வேண்டும். இறுக்கினால் அதன் முனை கெடும்.

ஜெட்டுகளைப் பொருத்தமான திருப்புளியால் கழற்றி, கார்புரேட்டர் துப்புரவுத் திரவத்தில் நனைத்து, அழுத்தக் காற்றால் ஊதுக. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பியால் குத்தலாகாது. துளை சற்றே அகன்றாலும் பெட்ரோல் மிகுந்து, புகையும் கார்பன் மோனாக்சைடும் கூடும். ரப்பர் வளையங்களைத் திரவத்தில் இடாது, வெடித்தவற்றை மாற்றுக. மீண்டும் பொருத்தியபின் ஒழுக்கு இல்லை என்று உறுதிசெய்த பிறகே எஞ்சினை இயக்குக.

அழுக்கேறிய பெட்ரோலை வடிகாலில் ஊற்றலாகாது. டோபி காட் பகுதியின் மழைநீர் இன்று மரினா நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது; அது நம் குடிநீருக்கான ஆதாரங்களுள் ஒன்று. கழிவை மூடிய கலத்தில் சேர்த்து, அதை ஏற்கும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

சிங்கப்பூரில் 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பின் பொதுவாகச் சாலையில் ஓட இயலாது. புதிய வண்டிகளிலோ கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் தெளிப்பு முறை வந்துவிட்டது. ஆதலின் கார்புரேட்டரைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு இங்கே அருகி வருகிறது. பெட்ரோல் நீக்கிய பழைய கார்புரேட்டர் ஒன்று கிடைத்தால், ஆசிரியர்கள் அதை வகுப்புக்குக் கொண்டுவரலாம். காற்றின் விரைவும் அழுத்தமும் பற்றிய பாடத்தை மாணவர் கையில் பிடித்துப் பார்க்கலாம். பார்த்ததை, மிதவை, அடைப்பான், நுண்துளை என்று தமிழிலேயே விளக்கியும் பழகலாம்.