கத்திக்கு வாயா, கண்ணா?

செபராங் ஜெயா மருத்துவமனையில் அத்தைக்குப் பித்தப்பையில் கல் என்று சொன்னார்கள். மருத்துவர் மலாயில் நிதானமாக எல்லாம் விளக்கினார். அத்தை என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டார்: "கத்தி வைப்பாங்களாடா?"

கத்தி என்றாலே நம் பேச்சில் பயம்தான். தலைக்குமேல் கத்தி தொங்குகிறது என்போம். கத்தி மேல் நடக்கிற பிழைப்பு என்போம். பொன் கத்தி என்பதற்காக வயிற்றில் குத்திக்கொள்ள முடியுமா என்று பழமொழியே இருக்கிறது. கூடவே பழகித் துரோகம் செய்தவனைத் தமிழனும் மலாய்க்காரரும் ஒன்றுபோல 'முதுகில் குத்தினான்' என்றுதான் ஏசுகிறார்கள்.

கத்தியின் கூர்ப் பக்கத்துக்கு வந்தால் மட்டும் இரண்டு மொழியும் பிரிகின்றன. மலாயில் அது 'மாத்தா பீசாவ்', கத்தியின் கண். தமிழில் அது வாய். 'வாய் மழுங்கிப்போச்சு' என்று பெரியவர்கள் சொல்வது அந்தக் கூரைத்தான். ஒரே இரும்பு, அவர்களுக்குப் பார்க்கிறது, நமக்குத் தின்கிறது! இங்கே மலேசியாவில் நாம் இரண்டு மொழியையும் சேர்த்தும் வைத்திருக்கிறோம்: பாராங் என்றாலே வெட்டுக்கத்தி, நாமோ 'பாராங்கத்தி' என்கிறோம். அதைப் பிழை என்று திருத்த எனக்கு மனமில்லை. இரண்டு மொழியோடு வாழ்ந்த சனத்தின் சொல் அது.

அத்தை முப்பது வருடம் தோட்டத்தில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்; வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையைச் சாய்வாக, காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிப்பாகச் சீவ வேண்டும். கட்டையை ஒட்டி ஓர் உயிர்ப்படலம் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை மிச்சம் விட வேண்டும். கத்தி அந்தப் படலத்தைத் தொட்டால் அந்த இடம் முண்டு முண்டாக வீங்கும், திரும்ப வெட்ட வராது. மரத்தைச் சாகடிக்காமல் இப்படிச் சீவிச் சீவிப் பால் எடுக்கலாம் என்று சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி காட்டியது 1890-களில். அந்த நுணுக்கத்தைத் தினம் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்தவை எழுதப் படிக்கத் தெரியாத கைகள். நம் மரபுத்தொடர் எதிலும் இந்தக் கத்தி இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அத்தைக்குச் சிறு துளைகள் போட்டுத்தான் சிகிச்சை நடந்தது. நலமாக இருக்கிறார்.

இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் பலவும் வீடமைப்பாகவும் தொழிற்சாலையாகவும் ஆகிவிட்டன. உங்கள் வீட்டில் மரம் வெட்டியவர் இருந்தால், அந்தக் கத்தியின் ஒவ்வொரு பாகத்துக்கும் அவர் வைத்திருக்கும் பெயரைக் கேட்டு இந்த வாரமே எழுதிவையுங்கள்.