கால்வாய்ச் சுவரில் ஒரு வரலாறு
லாஸ் ஏஞ்சல்ஸின் பெருஞ்சுவர், டுஹங்கா வாஷ், 1976–1983

சுமார் 840 மீட்டர் நீளும் இந்த ஓவியத்தைத் திட்டமிட்டு நடத்தியவர் ஓவியர் ஜூடித் பாக்கா. தூரிகை பிடித்தவர்களோ 400க்கும் மேற்பட்ட இளையோர். சிறார் குற்ற வழக்குகளில் சிக்கியவர்களும் அவர்களில் உண்டு. வெவ்வேறு இனத்தவர், வெவ்வேறு தெருக்காரர்கள். ஒருவர் பேட்டைக்குள் மற்றவர் கால்வைக்கத் தயங்கிய காலம் அது. இங்கே ஒரே சுவரில் சேர்ந்து வேலை செய்தார்கள், கூலியும் வாங்கினார்கள். வெள்ளநீர் வடியக் கட்டிய கான்கிரீட் கால்வாய் இது. வறண்டிருக்கும் கோடையில்தான் வரைய முடியும். ஐந்து கோடைகள் பிடித்தன.

ஊர் எப்படி மாற வேண்டும் என்று இளையோரைக் கேட்டால் வானவில்லும் புறாவும் வரைவார்கள் என்றுதான் பெரியவர்கள் நினைப்பார்கள். இவர்கள் வரைந்தது, பாடநூல்கள் ஒதுக்கிய கலிபோர்னியாவின் கதை. இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களைப் பாருங்கள். 1950களின் பகுதியில், நெடுஞ்சாலை ஒன்று மெக்சிகோ அமெரிக்கக் குடும்பத்தை ஊடறுத்துப் பிரிக்கிறது. பறக்கும் தட்டைப்போல் வந்திறங்குவது டாட்ஜர் ஸ்டேடியம். அது எழுந்த சாவேஸ் ரவைனில் முன்பு மக்கள் குடியிருந்தார்கள். இதைவிடக் கறாரான கோரிக்கை மனு வேண்டியதில்லை.

2017இல் இந்த ஓவியம் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

கால்வாய்க்குள் இறங்காதீர்கள், மழை வந்தால் வெள்ளம் இன்றும் இவ்வழியேதான் போகும்.