துளைக் கோப்பு

துளைக் கோப்பு என்பது, தன் அளவு முழுவதற்கும் வட்டில் இடம் எடுத்துக்கொள்ளாத கணினிக் கோப்பு ஆகும். இது ஸ்பார்ஸ் ஃபைல் என்ற பெயராலும் அறியப்படுகிறது. இக்கோப்பில் தரவு எழுதப்படாத பகுதிகள் துளைகள் எனப்படும். துளைகளுக்கு வட்டில் இடம் ஒதுக்கப்படுவதில்லை. ஆயினும் அவற்றைப் படிக்கும் நிரலுக்குச் சுழியங்களே கிடைக்கும்.

உருவாகும் விதம்

ஒரு நிரல் கோப்பின் முடிவைத் தாண்டி வெகுதூரம் நகர்ந்து, அங்கே எழுதினால் இடைப்பட்ட பகுதி துளையாகிறது. 200 பக்க நோட்டில் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் மட்டும் எழுதுவதைப் போன்றது இது. வேறுபாடு என்னவெனில், இங்கே நடுப் பக்கங்களுக்குத் தாளே கிடையாது. பக்க எண்கள் மட்டுமே உண்டு.

இதனால் ஒரு கோப்புக்கு இரண்டு அளவுகள் உண்டு. எல்எஸ் கட்டளை காட்டுவது பெயரளவு. டியூ கட்டளை காட்டுவது வட்டில் உண்மையாகப் பிடித்துள்ள இடம்.

லினக்சில் பழைய எடுத்துக்காட்டு, பயனர்களின் கடைசி நுழைவைக் குறிக்கும் லாஸ்ட்லாக் கோப்பு. 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் ஒரு பயனருக்கான பதிவு 292 பைட்டுகள். பயனர் எண்ணை 292 ஆல் பெருக்கினால் வரும் இடத்தில் அவருடைய பதிவு அமையும். பயனர் எண் 10 கோடி என்றால் கோப்பின் பெயரளவு ஏறத்தாழ 29 ஜிபி ஆகிவிடும். வட்டில் அது பிடிப்பதோ சில கிலோபைட்டுகள்தான்.

படிக்கும்போது நிகழ்வது

துளையைப் படிக்கும்போது கோப்பு முறைமை வட்டை அணுகுவதில்லை. நினைவகத்தில் சுழியங்களை நிரப்பித் தருகிறது. எனவே உண்மையில் எழுதப்பட்ட சுழியத்தையும் துளையையும் சாதாரண வாசிப்பால் பிரித்தறிய முடியாது. இரண்டு வகைக் கோப்புகளுக்கும் சரிபார்ப்புத் தொகையும் ஒன்றாகவே வரும்.

துளைகளைத் தாண்டிச் செல்ல விரும்பும் நிரல், எல்சீக் அழைப்பின் இரு வழிகளைப் பயன்படுத்தலாம். சீக்-டேட்டா, அடுத்த தரவு எங்கே தொடங்குகிறது எனச் சொல்லும். சீக்-ஹோல், அடுத்த துளை எங்கே தொடங்குகிறது எனச் சொல்லும். சோலாரிஸ் இயக்குதளத்தில் முதலில் வந்த இவ்வசதி, 2011இல் வெளியான லினக்ஸ் 3.1 கருவில் சேர்ந்தது. 2024ஆம் ஆண்டின் பாசிக்ஸ் தரத்திலும் இடம்பெற்றது.

இவற்றைக் கையாளும்போது மூன்று விதிகளை நினைவில் கொள்ள வேண்டும்:

1. ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் ஒரு துளை இருப்பதாகவே கொள்ளப்படும். துளைகளைப் பற்றி அறியாத கோப்பு முறைமை, கோப்பு முழுவதையும் தரவு என்றே கூறலாம், அது பிழையன்று.
2. இனித் தரவு இல்லை எனில் சீக்-டேட்டா பிழைக்குறி தரும். அது வாசிப்புத் தோல்வி அன்று. எஞ்சியது துளை என்று பொருள்.
3. கோப்பு துளையில் முடிந்தால், நகலின் நீளத்தைத் தனியாக நிர்ணயிக்க வேண்டும். இல்லையேல் நகல் குறுகிவிடும்.

2023ஆம் ஆண்டுச் சிக்கல்

துளை பற்றிய தகவல் தவறானால் தரவு அழியும் என்பதற்கு ஓப்பன் இசட்எஃப்எஸ் சான்று. 2023இல் ஜென்டூ லினக்சில் கோ மொழித் தொகுப்பை நிறுவியபோது, நகலான கோப்புகளின் சில பகுதிகள் சுழியங்களாக இருந்தன. 2.2 பதிப்பில் புதிதாக வந்த ஒரு வசதியே காரணம் என முதலில் கருதப்பட்டது. உண்மையில் பிழை அதற்கு வெகு முன்பே இருந்தது. எழுதப்பட்டும் வட்டை அடையாத தரவை, மிகக் குறுகிய ஒரு கணத்தில், கோப்பு முறைமை துளை என்று சொல்லிவிட்டது. துளைகளை விட்டுவிட்டு நகலெடுக்கும் புதிய சிபி கட்டளை அதை நம்பித் தரவைத் தாண்டிச் சென்றது. மூலக் கோப்பு நன்றாகவே இருந்தது. நகலின் அளவும் சரியாக இருந்தது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. நவம்பர் 2023 இறுதியில் வந்த 2.2.2, 2.1.14 பதிப்புகளில் இது சரிசெய்யப்பட்டது.

நகலெடுக்கும்போது

தாம்பரம், வண்டலூர் வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் செய்முறைப் பயிற்சிக்காக மடிக்கணினியில் 20 ஜிபி மெய்நிகர் வட்டு ஒன்றை உருவாக்குகிறார் என்று கொள்வோம். அதில் 3 ஜிபி மட்டுமே நிரம்பியிருக்கலாம். அதை எக்ஸ்ஃபேட் பென்டிரைவுக்கு நகலெடுத்தால் 20 ஜிபியும் எழுதப்படும். அவ்வடிவில் துளைகளுக்கு இடமில்லை. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ், ஏபிஎஃப்எஸ் ஆகியவற்றில் துளைகள் உண்டு. டார், ஆர்சிங்க் ஆகிய இரண்டிலும் பெரிய எஸ் விருப்பத்தைச் சேர்த்தால் துளைகள் காக்கப்படும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. துளைக்கு இடம் ஒதுக்கப்படவில்லை என்பதால், வட்டு நிறைந்திருக்கும்போது அதில் எழுத முயன்றால் இடமில்லை என்ற பிழை வரும். பெயரளவை நம்பி வட்டைத் திட்டமிடக் கூடாது.

தமிழ்நாட்டில்

சீ-டாக் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸ் இயக்குதளத்தை உருவாக்கியது. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் இதுவும் நிறுவித் தரப்பட்டது. அத்தகைய கணினியில் டிரங்கேட் கட்டளையால் 1 ஜிபி அளவுள்ள வெற்றுக் கோப்பை உருவாக்கி, எல்எஸ், டியூ கட்டளைகளின் விடைகளை ஒப்பிட்டால் துளைக் கோப்பின் இயல்பு உடனே விளங்கும்.