நாவின் கீழ் ஒரு குறுக்குவழி

"ஐயா, பாட்டனாருக்குக் கொடுத்த நெஞ்சுநோக் குளிசையை விழுங்கக் கூடாதாம், நாவின் கீழ் வைக்க வேண்டுமாம். வயிற்றுக்குள் போனாலும் அதே குளிசைதானே?"

பதுளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவனொருவன் வகுப்பில் இவ்வாறு வினவினான். அவனுடைய பாட்டனார், நா எரிகிறதென்று அக்குளிசையைத் தேநீருடன் விழுங்கி வந்தாராம். வினா சிறிது, அதன் விடையோ ஓர் உயிரைக் காக்க வல்லது.

தேயிலை நாட்டுப் பிள்ளைக்குத் தேயிலையைக் கொண்டே விளக்கினேன். மலையில் பறித்த கொழுந்து நேரே சந்தைக்குப் போவதில்லை. தொழிற்சாலையில் வாடி, அரைபட்டு, காய்ந்த பின்னரே வெளியேறுகிறது. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்கிவிடுகிறது. நம் உடலிலும் அத்தகைய தொழிற்சாலையொன்று உண்டு. அதுவே ஈரல்.

இரைப்பையும் சிறுகுடலும் உறிஞ்சும் பொருள்களைச் சுமந்த இரத்தம், ஈரல்வாயினாளத்தின் வழியே முதலில் ஈரலை அடைகிறது. அங்குள்ள நொதியங்கள், நோய் தீர்க்க வந்த மருந்தென்றும் பாராமல் அதனைச் சிதைக்க முற்படுகின்றன. எஞ்சியதே இதயத்தை அடைந்து உடலெங்கும் பரவுகிறது. இதனை ஈரலின் முதற்கட்ட அனுசேபம் என்பர்.

நெஞ்சுநோவுக்குக் கொடுக்கும் கிளிசரைல் ட்ரைநைட்ரேட்டு, ஈரலிடம் பெரிதும் அகப்பட்டு அழியும் மருந்து. நாவின் கீழுள்ள நாளங்களோ ஈரலைத் தொடாமல் நேரே இதயத்தை நோக்கிச் செல்பவை. அங்கு கரைந்த குளிசை ஓரிரு நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்குகிறது. 1879-இல் லண்டன் வைத்தியர் வில்லியம் மரல் இம்மருந்தின் பயனை உலகறியச் செய்தார். இதே பொருளைக் கொண்டு வெடிமருந்து செய்த ஆல்பிரட் நோபலுக்கே, இறுதிக் காலத்தில் அவருடைய இதய நோய்க்கு வைத்தியர்கள் இதனை விதித்தனர் என்பது விந்தையே.

அப்படியாயின் எல்லா மருந்தையும் ஊசியாகவே ஏற்றலாமே எனச் சிலர் எண்ணலாம். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற எண்ணம் நம் லயங்களில் இன்றும் உண்டு. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பரசிட்டமோலின் பெரும்பகுதி முதற் பயணத்தில் ஈரலைக் கடந்துவிடுகிறது. சாதாரணக் காய்ச்சலுக்கு ஊசி கேட்பதில் பொருளில்லை. மேலும், வாய்வழி 40 மில்லிகிராம் கொடுக்கும் புரோப்பிரனலோலை நாளத்தில் ஏற்ற நேர்ந்தால், வைத்தியர் 1 மில்லிகிராமிலேயே தொடங்குவர். காவலன் இல்லாத வாயிலில் அளவு மீறினால் ஆபத்தன்றோ!

காவலன் தளர்ந்தாலும் ஆபத்தே. சாராயமும் கசிப்பும் ஈரலைச் சுருக்கிவிட்டால், அது சிதைக்க வேண்டிய மருந்தைச் சிதைக்காது. அப்போது சாதாரண அளவே மிகை அளவாகிவிடும். ஆதலால் குடிப்பழக்கத்தை வைத்தியரிடம் மறைப்பது, நம் உயிரோடு நாமே விளையாடுவதாகும்.

ஊவாவின் பிபிலையில் 1920-இல் பிறந்து, இலங்கையின் முதல் மருந்தியற் பேராசிரியராய் விளங்கியவர் சேனக பிபிலே. 1971-இல் அமைந்த அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. வியாபாரப் பெயரால் மயங்காது, மருந்தை அதன் இயற்பெயரால் அறிய வேண்டுமென அவர் வற்புறுத்தினார். பெயரோடு அது செல்லும் வழியையும் அறிந்துகொள்வது நம் கடமை.

மறுநாள் அம்மாணவன் இன்னொரு செய்தி கொணர்ந்தான். பாட்டனார் குளிசைகளைக் காகிதத்தில் மடித்து, வேட்டி முடிச்சில் வைத்திருந்தாராம்! அவ்வாறு வைத்தால் மருந்தின் வீரியம் போய்விடும். அது வந்த கண்ணாடிக் குப்பியிலேயே இறுக மூடி வைக்க வேண்டும். நெஞ்சுநோ கண்டதும் உட்கார்ந்துகொண்டு நாவின் கீழ் இட வேண்டும். நின்றபடி இட்டால் தலைசுற்றி விழக்கூடும். ஐந்து நிமிடத்தில் நோ தணியாவிடின் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து, ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பாட்டனாருக்கு வாசித்துக் காட்டும்படி கொடுத்தனுப்பினேன். பழைய குளிசைகளை எறிந்துவிட்டு, புதுக் குப்பி வாங்கிவிட்டார்களாம். வீட்டில் முதியோர் உள்ள மாணவர்களே, இன்று மாலை அவர்களுடைய மருந்துக் குப்பிகளை நீங்களும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.