பழைய சுவருக்கு எந்தப் பூச்சு?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளின் உட்சுவரைத் தொட்டுப் பாருங்கள். பளிங்கைப் போல் வழவழவென்றிருக்கும். ஆனால் அது பளிங்கு அல்ல, சுண்ணாம்புக் காரை. நன்கு அரைத்த சுண்ணாம்புடன் கடைசிப் பூச்சில் முட்டை வெண்கருவையும் சேர்த்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். 2014ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன.

இத்தகைய வீடொன்றில் அடிச்சுவரில் ஓதம் ஏறிக் காரை உதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். "சிமெண்ட்தான் உறுதி, அதைப் பூசிவிடுங்கள்" என்கிறார் வீட்டுக்காரர். சில காலம் சுவர் நன்றாகவே இருக்கிறது. பிறகு பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. உள்ளிருக்கும் செங்கல்லும் பொடியாகி வருகிறது. உறுதியான பொருளைப் பூசியும் சுவர் கெட்டது ஏன்?

முதலில் சுண்ணாம்பின் கதையைப் பார்ப்போம். சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அது கரியமில வாயுவை இழந்துவிடும். 100 கிராம் கல்லிலிருந்து 44 கிராம் வாயு வெளியேற, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். இதில் நீர் ஊற்றினால் கொதித்து நீறும். (அருகில் போகாதீர்கள், கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து.) நீறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகிறது. கல்லாக இருந்தது கல்லாகவே திரும்பிவிட்டது! வகுப்பில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஊதியபோது அது பால்போல் ஆனதே, அதே வினைதான் இது.

இந்தக் காரையில் நுண்ணிய துளைகள் மிகுதி. தரையிலிருந்து நுண்புழைகளின் வழியே சுவரில் ஏறும் நீர், அத்துளைகள் வழியாக ஆவியாகி வெளியேறும். மண்ணிலிருந்து வரும் உப்பும் காரையின் மேற்பரப்பிலேயே பூக்கும். கெடுவது காரை, பிழைப்பது செங்கல். காரையை மீண்டும் பூசிக்கொள்ளலாம்.

சிமெண்டின் வழி வேறு. இங்கிலாந்தில் 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டின் வழித்தோன்றலே இன்றைய சிமெண்ட். இது நீருடன் வினைபுரிந்து, அடர்த்தியாக இறுகும். எனவே நீராவி எளிதில் வெளியேறாது. ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லின் துளைகளுக்குள்ளேயே படிகமாகும். வளரும் படிகம் துளையின் சுவரை நெருக்கி உடைக்கிறது. சிமெண்ட் மட்டமான பொருள் அல்ல. இந்தச் சுவருக்குப் பொருந்தாத பொருள், அவ்வளவே.

நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு செங்கற்களைத் தட்டில் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒன்றின் நான்கு பக்கங்களையும் பாலிதீன் தாளால் இறுகச் சுற்றி, அடியையும் உச்சியையும் மட்டும் திறந்து விடுங்கள். தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு உப்பு நீர் ஊற்றி, குறையக் குறைய நிரப்பி வாருங்கள். சில நாட்களில் சுற்றாத கல்லின் பக்கங்களில் உப்பு பூக்கும். சுற்றிய கல்லிலோ உச்சியில்தான் பூக்கும். பக்கவழி அடைபட்ட நீர் மேலே போய்விட்டது!

ஆகவே, பழைய வீட்டைச் செப்பனிடும்போது முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். கூரைநீர்க் குழாய் உடைந்திருக்கலாம். முற்றத்து வடிகால் அடைத்திருக்கலாம். அதைச் சரிசெய்தபின் கெட்ட பகுதியை மட்டும் அகற்றி, சுண்ணாம்புக் காரையே பூச வேண்டும். அது இறுகும்வரை வெயிலில் சட்டென்று காய்ந்துவிடாமல் நீர் தெளித்துக் காக்க வேண்டும். புதுப் பூச்சு பழைய செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பதே விதி.

உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டிலோ பழைய சுவரைச் செப்பனிடப் போகிறார்களா? கொத்தனார் சாந்து குழைக்கும் முன்பே, "இது என்ன சுவர்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வி அச்சுவருக்கு இன்னொரு தலைமுறை ஆயுளைக் கொடுக்கக்கூடும்.